கண்ணால் காணும் கணக்கு

ஆயுத பூசை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் மாலை, அப்பா வேலையிலிருந்து திரும்பியதும், அவருடைய கைப்பேசியை வாங்கிக்கொண்டு என் தங்கை திண்ணையில் உட்கார்ந்தாள். அவள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். இணையத்தில் கணக்குப் பாடம் ஒன்றைப் பார்க்கத் தொடங்கினாள். நானும் அருகில் உட்கார்ந்து பார்த்தேன்.

பாடம் இருபடிச் சமன்பாடு. தெரியாத எண்ணைக் 'க' என்று வைத்துக்கொண்டால், கணக்கு இதுதான்: க² − 10க + 21 = 0. காணொளியில் வந்த ஆசிரியர் நல்ல குரலில், அவசரமின்றி, வரி வரியாக எழுதிக் காட்டினார். பெருக்கினால் 21, கூட்டினால் 10 வரக்கூடிய இரண்டு எண்கள் யாவை? 3, 7. ஆகவே விடை 3 அல்லது 7. குறை சொல்ல இடமே இல்லை.

"புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"நல்லாப் புரிஞ்சுது, அண்ணே" என்றாள்.

கைப்பேசியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளில் க² − 6க + 7 = 0 என்று எழ்திக் கொடுத்தேன். அவள் பென்சிலை எடுத்தாள். பெருக்கினால் 7 வர வேண்டும். 1, 7 என்ற இரண்டு எண்கள் உண்டு. ஆனால் அவற்றைக் கூட்டினால் 8 ஆகிறதே ஒழிய 6 ஆகவில்லை. அழித்து அழித்து எழுதினாள். கால் மணி நேரம் சென்றது. "கணக்கே தப்பு, அண்ணே" என்றாள். தப்பில்லை என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னாள்: "பாக்கும்போது எல்லாம் புரியுது. போடும்போது ஒண்ணும் வர மாட்டேங்குது. நான் பதினொண்ணுல கணக்கு குரூப்பு எடுக்கப் போறதில்ல."

நண்பர்களே, இச் சொல் எவ்வளவு பெரிய சொல் என்பது நமக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் கணக்கை விட்டுவிட்ட பிள்ளைக்குப் பொறியியல், இயற்பியல், புள்ளியியல் எனப் பல கதவுகள் அன்றே சாத்தப்பட்டுவிடுகின்றன. நம்முள் பலர் இந்த வடபுலப் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்ததே அந்தக் கதவுகளுள் ஒன்றின் வழியாகத்தான். என் தங்கை திண்ணையில் ஒரு கால் மணி நேரத்தில் அக் கதவைத் தானே சாத்திக்கொள்ள இருந்தாள்.

பாடம் தெளிவாக இருந்தது. அவள் கவனமாகப் பார்த்தாள். பிறகு எங்கே பிசகியது? இக் கேள்விக்கு விடை தேடுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

படத்தின் மூலம் பாடம் நடத்துவது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. தில்லியில் 1961ஆம் ஆண்டிலேயே பள்ளிகளுக்கான தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன், ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. ஊருக்கு ஒரு பெட்டி. அதன் முன் ஊரே கூடி உட்கார்ந்தது. உலகமே வியந்து பார்த்த முயற்சி அது.

ஆயினும் அம் முறையில் ஒரு குறை இருந்தது. ஒளிபரப்பு தன் போக்கில் ஓடும். மூன்றாவது வரியில் புரியாமல் நின்றுவிட்ட பிள்ளைக்காக அது காத்திராது. வகுப்பறையிலும் இதே கதைதான். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில், "ஐயா, முந்தின வரியை இன்னொரு முறை" என்று எழுந்து கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? கேட்கத் துணிவில்லாமல் தலையாட்டியவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர்.

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. சல்மான் கான் என்பவர் பாஸ்டன் நகரில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றி வந்தார். (இந்தி நடிகரை நினைத்துவிட வேண்டாம், இவர் வேறு.) நியூ ஆர்லியன்சில் இருந்த அவருடைய உறவினர் பெண் நாடியா, பள்ளிக் கணக்கில், குறிப்பாக அலகு மாற்றத்தில், தடுமாறினாள். அவர் தொலைபேசியிலும் கணினியிலும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு மற்ற உறவுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்க இயலாமற் போகவே, 2006ஆம் ஆண்டில் பாடங்களைப் பதிவு செய்து யூட்யூபில் இட்டார். கறுப்புத் திரை, அதில் வண்ண எழுத்து, பின்னால் ஒரு குரல். ஆசிரியரின் முகம்கூடத் தெரியாது. அவ்வளவே.

வேடிக்கை என்னவென்றால், அவர் நேரில் சொல்லிக் கொடுப்பதைவிடப் பதிவு செய்த பாடமே தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அப் பிள்ளைகள் சொன்னார்களாம். இதைக் கானே பின்னாளில் மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. காணொளியை நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம், சென்ற ஆண்டே படித்திருக்க வேண்டிய ஒன்றை வெட்கப்படாமல் திரும்பக் கேட்கலாம். பத்தாவது முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காது. கான் 2009இல் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதில் இறங்கினார். கான் அகாடமி என்ற இலாப நோக்கமற்ற நிறுவனம் இப்படி வளர்ந்ததுதான்.

ஆகவே புதுமை படத்தில் இல்லை. கடிவாளம் ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கு மாறியதே புதுமை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இனி, அசையும் படம் கணக்கில் என்ன செய்ய வல்லது என்று பார்ப்போம். நாம் எல்லோரும் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆரம் 7 செ.மீ. உள்ள வட்டத்தின் பரப்பு என்ன? "பை ஆரம் வர்க்கம்" என்று வாய் தானே சொல்லும். 22/7 × 49, அதாவது 154 சதுர செ.மீ. சரி, ஏன் பை ஆரம் வர்க்கம்? பள்ளியில் இதை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தெரியும் அல்லவா? வட்டத்தை அப்படி மெல்லிய வளையங்களாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு வளையத்தையும் ஓரிடத்தில் வெட்டி நீட்டினால் அது ஒரு நாடாவாகும். வெளி வளையத்தின் நீளம் வட்டத்தின் சுற்றளவு; அதாவது 2 × 22/7 × 7 = 44 செ.மீ. உள்ளே போகப் போக நீளம் குறையும். நடுவில் ஏறக்குறையச் சுழியாகிவிடும். மிக நீண்ட நாடாவைக் கீழே வைத்து, அதன் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது என ஒரு பக்கம் ஒழுங்காக அடுக்கினால், மறுபக்கம் படிக்கட்டுப் போலத் தோன்றும். வளையங்களை இன்னும் மெல்லியனவாக்கினால் படிகள் சிறுத்துவிடும். மேலும் மெல்லியனவாக்கினால் படிக்கட்டு மறைந்து நேர் கோடு தோன்றும். இப்போது நம் முன் இருப்பது ஒரு செங்கோண முக்கோணம். அடிப்பக்கம் 44, உயரம் 7. முக்கோணத்தின் பரப்பு, அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி. 44 × 7 = 308; அதில் பாதி 154!

நீட்டிய வளையத்தின் உள் விளிம்பு வெளி விளிம்பைவிடச் சற்றுக் குட்டையாயிற்றே, அதை எப்படி நாடா என்று கொள்ளலாம் என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. வளையம் மெலிய மெலிய அந்த வேறுபாடும் தேய்ந்து சுழியை நெருங்குகிறது. இதுதான் நுண்கணிதத்தின் வாசல். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையீடு என்ற பெயரில் நம்மை மிரட்டியது, இங்கே ஒரு வெங்காயமாக வந்து நிற்கிறது.

இதைக் கரும்பலகையில் வரையலாம். ஆனால் பலகையில் ஒரு நிலையை மட்டுமே வரைய முடியும். ஐந்து வளையங்கள் இருபதாகி, இருபது நூறாகி, படிக்கட்டு கோடாகக் கரைவதை நம் கண் முன் நிகழ்த்திக் காட்டுவது அசையும் படத்திற்கே உரிய ஆற்றல். 'த்ரீ புளூ ஒன் பிரவுன்' என்ற பெயரில் 2015 முதல் கணிதக் காணொளிகள் செய்துவரும் கிராண்ட் சாண்டர்சன், 2017இல் வெளியிட்ட நுண்கணித வரிசையின் முதல் பாடத்தை இந்த வட்டத்தில்தான் தொடங்கினார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர் அவர். தம் படங்களை வரைவதற்கென்று பைத்தான் மொழியில் 'மேனிம்' என்னும் நிரல் தொகுப்பைத் தாமே எழுதி, அதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கொடுத்தும்விட்டார்.

இன்னொரு எடுத்துக்காட்டு. அரைவட்டத்தின் மேல் ஒரு புள்ளியை வைத்து, அதை விட்டத்தின் இரு முனைகளோடும் இணையுங்கள். புள்ளியிலுள்ள கோணம் 90 பாகை. புள்ளியை இடப்பக்கம் தள்ளுங்கள்; 90. வலப்பக்கம் தள்ளுங்கள், அப்போதும் 90. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கி வைத்த 'ஜியோஜிப்ரா' என்ற மென்பொருளில் இந்தப் புள்ளியை மாணவர் தம் விரலாலேயே இழுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கண் கண்டதே மெய் என்று கணக்கில் இருந்துவிட முடியாது. 8க்கு 8 சதுரம் ஒன்றை ஒரு குறிப்பிட்ட முறையில் நான்கு துண்டுகளாக வெட்டி, அவற்றை மாற்றி அடுக்கினால் 5க்கு 13 செவ்வகம் போலத் தோன்றும். முன்னதின் பரப்பு 64; பின்னதின் பரப்பு 65. துண்டுகள் அவையேதாம், ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது? துண்டுகளின் சாய்ந்த பக்கங்கள் ஒரே நேர்கோட்டில் சேர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் ஒன்றன் சாய்வு 3/8, அதாவது 0.375, மற்றதன் சாய்வு 2/5, அதாவது 0.4. இரண்டும் வேறு. மூலைவிட்டத்தின் நெடுகிலும் மெல்லிய இடைவெளி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதன் பரப்புத்தான் அந்த ஒரு கட்டம். கண் ஏமாந்தது; கணக்கு ஏமாறவில்லை.

ஆகவே அரைவட்டத்துப் புள்ளி 90 பாகையைக் காட்டும்போதும், ஏன் என்று கேட்க வேண்டும். வட்டமையத்திலிருந்து அப் புள்ளிக்கு ஓர் ஆரம் வரைந்தால் போதும். இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு கோணங்கள் சமம். விட்டத்தின் இரு முனைகளிலுள்ள கோணங்களின் கூட்டுத்தொகை எவ்வளவோ, அவ்வளவேதான் புள்ளியிலுள்ள கோணமும். மூன்றும் சேர்ந்து 180. ஆகவே புள்ளியிலுள்ளது அதில் பாதி, 90. படம் நமக்குக் கேள்வியைத் தந்தது. விடையைத் தந்தது ஒரு கோடு. நல்ல காணொளி படத்தோடு நின்றுவிடாமல் அக் கோட்டையும் வரைகிறது.

இனி என் தங்கையின் கதைக்கு வருவோம். அவள் பார்த்த பாடத்தில் பொய் ஏதுமில்லை, மயக்கமும் இல்லை. தெளிவாகவே இருந்தது. அந்தத் தெளிவே ஒரு பொறியாக ஆகக்கூடும் என்று ஒருவர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்.

அவர் பெயர் டெரெக் முல்லர். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிப்பதற்கான காணொளிகளைப் பற்றி ஆராய்ந்து 2008இல் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் மாணவர்களுக்கு இருவகைப் பாடங்களைக் காட்டினார். ஒரு வகை, சரியான கருத்தை நேராக, தெளிவாக விளக்கியது. மற்றொரு வகையில், மாணவர்கள் வழக்கமாகக் கொண்டிருக்கும் தவறான எண்ணத்தை ஒருவர் முதலில் சொல்வார். பிறகு அது ஏன் தவறு என்று உரையாடலில் வெளிப்படும். முதல் வகையைப் பார்த்தவர்கள் பாடம் தெளிவாக இருந்தது, எளிதாக இருந்தது என்று புகழ்ந்தார்கள். ஆனால் தேர்வில் அவர்கள் மதிப்பெண் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாம் வகையைப் பார்த்தவர்கள், மூளைக்கு வேலை வைத்தது என்றார்கள். அவர்கள் மதிப்பெண்ணே நன்றாக உயர்ந்தது.

ஏன் இப்படி? மேலே எறிந்த பந்தின் மேல் கையின் விசை இன்னும் செயல்படுகிறது என்று நம்பும் மாணவன் ஒருவனுக்கு, ஈர்ப்பு விசையைப் பற்றித் தெளிவான பாடம் காட்டுகிறோம். அவன் அதைக் கேட்டு, "இதுதான் எனக்குத் தெரியுமே" என்று தலையாட்டுகிறான். தன் நம்பிக்கையும் பாடமும் முரண்படுகின்றன என்பதையே அவன் காணவில்லை. பாடம் முடிந்தபின் பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது. முன்பைவிட உறுதியாகவும் ஆகிவிடுகிறது.

கணக்கிலும் இதற்குக் குறைவில்லை. (அ + ஆ)² என்றால் அ² + ஆ² என்று எழுதாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? சரியான சூத்திரத்தை நூறு முறை அழகாக எழுதிக் காட்டினாலும் இப் பிழை போவதில்லை. பிழையையே முதலில் எழுத வேண்டும். அ = 3, ஆ = 4 என்று வைப்போம். 3² + 4² = 25. ஆனால் (3 + 4)² = 49. காணாமற்போன 24 எங்கே? பக்கம் 7 உள்ள சதுரத்தை வரைந்து, ஒரு மூலையில் 3க்கு 3 சதுரத்தையும் எதிர் மூலையில் 4க்கு 4 சதுரத்தையும் வெட்டி எடுத்துவிட்டால், மீதி 3க்கு 4 செவ்வகங்கள் இரண்டு கிடைக்கும். 12ம் 12ம் 24. இதை ஒரு முறை தேடிக் கண்டவர் பிறகு அந்த 2அஆ என்ற உறுப்பை மறக்கமாட்டார். காணாமற்போன பொருளைத் தாமே கண்டெடுத்தவர் அல்லவா!

அன்று மாலை என் தங்கையின் மனத்திலும் இப்படி ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது. அது எனக்கும் தெரியவில்லை; அவளுக்கும் தெரியவில்லை. இருவருமாகத்தான் அதைக் கண்டுபிடித்தோம்.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, சாண்டர்சன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நேரலையில் பாடம் நடத்தினார். முதல் பாடமே இருபடிச் சமன்பாடு. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ 2019இல் எடுத்து விளக்கிய ஒரு முறையை அதில் அவர் சொன்னார். அதன் படிகள் பழங்காலத்தவர் அறிந்தவையே. ஆனால் அடுக்கிய விதம் அழகானது. அது எனக்கு நினைவு வந்தது. ஆனால் அதை அவளுக்கு ஓட்டிக் காட்டவில்லை. தாளில் ஓர் எண்கோடு வரைந்து, 3, 5, 7 ஆகிய இடங்களில் புள்ளி வைத்தேன்.

"முதல் கணக்குல ரெண்டு விடையையும் கூட்டினா பத்து. பத்துல பாதி அஞ்சு. அஞ்சுலேர்ந்து பார்த்தா மூணும் ஏழும் எங்கே இருக்கு?"

"இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு தள்ளி இருக்கு."

"உன் கணக்குல கூட்டினா ஆறு. நடு எது?"

"மூணு."

"எவ்வளவு தள்ளி?"

"அது தெரியாதே!"

"தெரியாட்டா என்ன செய்யணும்?"

சிறிது யோசித்துவிட்டு, தொலைவு என்பதன் முதல் எழுத்தைத் 'த' என்று தானே எழுதினாள். ஓர் எண் 3 + த. மற்றது 3 − த. பெருக்கினால் 9 − த². அது 7 ஆக வேண்டும். ஆகவே த² = 2. பென்சில் நின்றது.

"ரூட் ரெண்டா? அப்ப விடை முழு எண்ணே இல்லையா! நான் முழு எண்ணுலயே தேடிக்கிட்டு இருந்தேனே, அண்ணே!"

இதுதான் ஒளிந்திருந்த நம்பிக்கை. விடை என்றால் முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள். காணொளியில் போட்ட கணக்குகளில் எல்லாம் விடை முழு எண்ணாகவே வந்ததால், அவ்வெண்ணத்தை யாரும் அசைக்கவில்லை. விடை 3 + √2, 3 − √2. கூட்டிப் பார்த்தாள், 6. பெருக்கிப் பார்த்தாள்; 9 − 2 = 7. "கணக்கு தப்பில்லை" என்று அவளே தீர்ப்பும் சொன்னாள்.

இந்தக் கால் மணி நேரத்தில் நான் எதையும் விளக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கேட்டதெல்லாம் நாலைந்து கேள்விகளே. வேலை முழுவதும் அவளுடையது.

கும்பகோணத்துச் சீனிவாச இராமானுசன் பள்ளி மாணவராக இருந்தபோது கைக்குக் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலில், முடிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. விளக்கங்கள் மிகக் குறைவு. விளக்கத்தை அவரே தேட வேண்டியிருந்தது. நாம் எல்லோரும் இராமானுசர்கள் அல்லர். நமக்கு விளக்கம் வேண்டும். நல்ல படமும் வேண்டும். ஆனால் தேடும் வேலையைப் படம் நமக்காகச் செய்து முடித்துவிட்டால், நம் கையில் ஒன்றும் தங்குவதில்லை. முன்பு கடிவாளம் என்று சொன்னேன். கடிவாளம் கையில் இருந்தும் இழுத்து நிறுத்தாதவனுக்கு அதனால் என்ன பயன்? காணொளியில் மிகப் பயனுள்ள பொத்தான் நிறுத்தும் பொத்தானே. அடுத்த வரி வருமுன் நிறுத்தி, அது என்னவாக இருக்கும் என்று தாளில் எழுதிப் பார்த்து, பிறகு ஓட்ட வேண்டும். எழுதியது தவறானால் இன்னும் நல்லது; ஒளிந்திருந்த ஒன்று வெளியே வந்துவிட்டது.

தமிழில் இம் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில், கைப்பேசியால் படித்தவுடன் பாடக் காணொளிக்கு இட்டுச் செல்லும் கட்டக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பள்ளிகள் மூடியிருந்தபோது வீடுகளுக்குப் பாடம் கொண்டு சென்றது. ஆயினும் ஏன் என்ற கேள்வியில் தொடங்கி, பிழையை முன்னே நிறுத்தி, பிள்ளையைச் சிந்திக்க விட்டுக் காத்திருக்கும் கணக்குப் பாடங்கள் தமிழில் எத்தனை இருந்தாலும் மிகையாகாது.

அதை ஏன் நாம் செய்யக்கூடாது? இச் சங்கத்தில் கணிதம் பயில்வோர், பொறியியல் பயில்வோர் இருக்கின்றனர். தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்து, முதல் பருவத்தில் 'ரேடியஸ்' என்ற சொல்லைக் கேட்டு, அது நம் ஆரம்தான் என்று தெரியாமல் விழித்தவர்களும் இருக்கின்றனர். எங்கே தடுக்கும் என்று தடுக்கி விழுந்தவர்களுக்குத்தானே தெரியும்? கருவிகளும் பெரியன அல்ல. நான்கு புத்தகங்களை அடுக்கி அதன் நுனியில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் படப்பெட்டி ஆயிற்று. கீழே வெள்ளைத் தாள், இரண்டு வண்ணப் பேனாக்கள். விடுதியில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினால் குரலும் தெளிவாகப் பதியும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மேனிமைக் கற்றுக்கொள்ளலாம்.

விதிகள் சிலவே. ஒரு காணொளிக்கு ஒரு கருத்து. எழுத்துக்கு முன் எண். சூத்திரத்திற்கு முன் கேள்வி. பிள்ளைகள் செய்யும் பிழையை நாமே முதலில் செய்து காட்ட வேண்டும். 'ஆரம்' என்று சொல்லும்போது ஒரு முறை 'ரேடியஸ்' என்றும் சொல்லிவிட்டால், நாளைக்கு அது உதவும். பாடத்தின் நடுவே, "இங்கே நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று சொல்லி, உண்மையாகவே சற்றுப் பேசாதிருக்க வேண்டும். இறுதியில், காட்டிய கணக்கைப் போன்ற ஒன்றை அன்று, சிறிது முறுக்கிய ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

காணொளியால் இயலாதது ஒன்று உண்டு. பார்த்து முடித்த பிள்ளையின் முன் வெறும் தாளை வைத்து, "இப்போது நீ போடு" என்று அது சொல்லாது. அவள் தயங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு உடனிருக்காது. அதற்கு ஓர் ஆசிரியரோ, அண்ணனோ, அக்காளோ வேண்டும். பாதி வேலையைக் காணொளி செய்யும், மறுபாதி நம்முடையது.

என் தங்கை பதினொன்றில் எந்தப் பாடத்தை எடுப்பாள் என்று இன்னும் சொல்லவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் பேசினாள். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "அண்ணே, நடுவுலேர்ந்து தொலைவோட வர்க்கம் மைனஸ்ல வந்தா என்ன செய்றது?" என்று கேட்டாள். க² − 4க + 5 = 0 என்று தானே ஒரு கணக்கை எழுதிப் பார்த்திருக்கிறாள். நடு 2; 4 − த² = 5; த² = −1. எந்த எண்ணின் வர்க்கமும் மைனஸாக வராதே என்று இரண்டு நாளாக யோசிக்கிறாளாம்.

விடையை நான் சொல்லவில்லை. "எண்கோட்டுல தேடிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டேன்.